18 மில்லிமீட்டர்

பழைய லேப்டாப் பேட்டரியின் கூட்டைப் பிளந்தால் உள்ளே உருளை உருளையாகச் செல்கள் படுத்திருக்கும். ஊதாவோ பச்சையோ நீலமோ, ஏதோ ஒரு நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் உறை. இந்தச் செல்லுக்குப் பெயரே ஒரு எண்தான்: 18650. குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். 2011இல் இன்டெல் நிறுவனம் ‘அல்ட்ராபுக்’ என்று ஒரு புது ரகத்தை அறிவித்து, அதற்குத் தடிமனும் வகுத்தது. 13.3 அங்குலத் திரை வரைக்கும் 18 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 14 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் 21. மூடி, திரை, கீபோர்டு, மதர்போர்டு, அடித்தட்டு எல்லாம் சேர்த்து 18. செல் மட்டுமே 18. அந்த உருளைக்கு இனி உள்ளே இடமில்லை என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

தஞ்சாவூரில் என்னைப் போல லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்களின் பிழைப்பைத் திருப்பிப்போட்ட அளவு அது. அப்போது எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் அந்த வருஷம் வேறொரு லேப்டாப்புக்காகக் காத்திருந்தோம்.

அதற்கு முன்கதை ஒன்று உண்டு. டெல்டாவுக்கு முதல் லேப்டாப்புகள் கடை வழியாக வரவில்லை, பெட்டி வழியாக வந்தன. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், அய்யம்பேட்டை, ராஜகிரி என்று இந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். அவர் விடுமுறைக்கு வரும்போது கோடாரித் தைலம், பால்பவுடர், சோப்பு இவற்றோடு ஒரு லேப்டாப்பும் வரும். துபாயிலிருந்து வந்ததென்றால் கீபோர்டில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அரபி எழுத்தும் இருக்கும். சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கியதென்றால் அரபி இருக்காது. ஆனால் இரண்டிலும் பிளக் ஒரே மாதிரி, சதுரக் கால் மூன்று; நம் ஊர் சுவரில் நுழையாது. அதற்கு மாற்று பிளக் விற்றதுதான் எங்களில் பல பேருக்கு லேப்டாப் தொழிலின் பிள்ளையார் சுழி.

எடையைப் பற்றி இந்த ஊர் முதலில் பேசியதும் அப்போதுதான். விமானத்தில் கைப்பையாக 7 கிலோதான் விடுவார்கள். லேப்டாப்பும் அதன் அடாப்டருமே மூன்று, மூன்றரைக் கிலோ. அக்கா பிள்ளைக்கு வாங்கிய சாமானை வெளியே எடுத்து வைத்துவிட்டு லேப்டாப்பை ஏற்றிய கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். “அடுத்த தடவை சின்னதா, லேசா பாத்து வாங்கணும்ணே” என்பார்கள். லேசாக என்றார்களே தவிர, ஒருவர்கூட மெலிசாக என்று சொன்னதில்லை. பெட்டியை எடைபோடும் தராசுக்குத் தடிமன் எதற்கு?

மெலிவு என்பது வேறு ஊரிலிருந்து வந்த ஆசை. 2008 ஜனவரி 15ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு அலுவலகக் காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்தார். எடை 1.36 கிலோ, அதிகபட்சத் தடிமன் 1.94 சென்டிமீட்டர். கைதட்டல் அடங்குவதற்குள் பார்த்தால் டிவிடி டிரைவ் இல்லை, லேன் ஒயர் செருக வழியில்லை, யுஎஸ்பி ஒன்றே ஒன்று, பேட்டரியை நாமே கழற்ற முடியாது, ரேம் போர்டோடு ஒட்டிக்கிடக்கிறது. அடுத்த மாதமே லெனோவா நிறுவனம் திங்க்பேட் எக்ஸ்300 என்று ஒன்றை விட்டது. கிட்டத்தட்ட அதே எடைதான். உள்ளே டிவிடி டிரைவ், லேன், மூன்று யுஎஸ்பி, கழற்றி மாட்டும் பேட்டரி எல்லாம் இருந்தன. தடிமன் கொஞ்சம் கூட. காகித உறையைத்தான் உலகம் ஞாபகம் வைத்துக்கொண்டது. அந்த ஒரு மாத இடைவெளியில் ஒரு கேள்வி சரியாகக் கேட்கப்பட்டு, அதற்குத் தப்பான விடை தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது என் கட்சி.

சரி, 2011க்கு வருவோம். இன்டெல் 18 மில்லிமீட்டர் கோடு கிழித்த அதே வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் வருஷத்துக்கு மட்டும் 9.12 லட்சம் மாணவர்கள், 912 கோடி ரூபாய் என்று கணக்கு. அரசு நிறுவனமான எல்காட் டெண்டர் விட்டது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும். மூடியின் மேல் முதலமைச்சர் படம். இன்டெல்லின் டெண்டரில் முதல் வரி தடிமன் என்றால் எல்காட்டின் டெண்டரில் முதல் வரி விலை. விலையை முதல் வரியாக வைத்துச் செய்யும் பொருளில் மெலிவுக்குச் செலவழிக்கக் காசு மிஞ்சாது. ஆகவே பெட்டி தடியாக வந்தது. எடை இரண்டு கிலோவைத் தாண்டியது. கீழே ஸ்க்ரூக்கள் வெளிப்படையாகத் தெரிந்தன. பின்பக்கம் இரண்டு தாழ். தள்ளினால் பேட்டரி கையோடு வரும்.

மெட்ராஸில் அந்தப் பெட்டியைக் கிண்டல் அடித்தவர்கள் உண்டு. எங்கள் தொழிலுக்கு அதுதான் அடியுரம். குந்தவை நாச்சியார் கல்லூரிப் பெண்கள், சரபோஜி கல்லூரிப் பையன்கள், ஒரத்தநாடு, பாபநாசம், அம்மாப்பேட்டைப் பக்கத்துப் பிளஸ் டூ பிள்ளைகள் என்று ஒரே வருஷத்தில், அதுவரை கம்ப்யூட்டர் நுழையாத தெருக்களுக்கெல்லாம் லேப்டாப் போய்விட்டது. போனதெல்லாம் ஒருநாள் பழுதுக்கு வந்துதானே ஆக வேண்டும். 2 ஜிபி ரேமை 4 ஆக்க வருவார்கள். டீச்சரின் அனுமதியோடும் அனுமதி இல்லாமலும் வேறு விண்டோஸ் போட வருவார்கள். சார்ஜர் பின் ஆடுகிறது என்று வருவார்கள். எல்லாமே திறந்து பார்த்துக் கையால் சரிசெய்கிற வேலை. டெஸ்க்டாப் அசெம்பிள் செய்துகொண்டிருந்த பல பேர் அடுத்த இரண்டு வருஷத்தில்தான் லேப்டாப் மெக்கானிக் ஆனார்கள். உதிரிபாகம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ராத்திரி ஆம்னி பஸ் பார்சலில் ஏறினால் காலையில் தஞ்சாவூரில் இறங்கிவிடும்.

அப்புறம் 2012 வந்தது. அந்த வருஷத்து மின்வெட்டை டெல்டாக்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. சென்னைக்கு இரண்டு மணி நேரம். எங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல், சில நாள் அதற்கும் மேலே. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். மேட்டூர் அணையும் ஜூன் 12இல் திறக்கவில்லை. வயலுக்குத் தண்ணீரும் இல்லை, போர் ஓட்டக் கரண்டும் இல்லை. கடையில் வேலை செய்வதே கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்துத்தான். லேப்டாப்பின் பேட்டரி அந்த வருஷம்தான் இந்த ஊரில் ஒரு முழுப் பொருளாக மதிக்கப்பட்டது. கழற்றும் பேட்டரி என்றால் இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் சிலர் அப்படி வைத்திருந்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒருவர் பேட்டரியை இன்னொருவர் மாட்டிக்கொண்டார்கள். அரசாங்கம் கொடுத்ததில் அது நடக்கும், ஒரு பள்ளிக்கு வந்தவை பெரும்பாலும் ஒரே மாடல்தானே.

பேட்டரி செத்தால் என்ன செய்வோம் என்று சொல்கிறேன், ஏனென்றால் இது இன்றைக்குக் கிட்டத்தட்ட அற்றுப்போன வேலை. ஆறு செல் பேட்டரியில் இரண்டிரண்டாக மூன்று ஜோடி. பெரும்பாலும் ஒரு ஜோடிதான் செத்திருக்கும், மற்ற நாலும் நல்ல நிலையில் இருக்கும். பிளாஸ்டிக் கூட்டின் இணைப்பில் கத்தியை வைத்து நெம்ப வேண்டும், ஆழமாக இறங்கினால் செல் கிழிந்து புகையும். திறந்ததும் மல்டிமீட்டரை வைத்து ஜோடி ஜோடியாக வோல்டேஜ் பார்ப்போம். உள்ளே ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சின்ன போர்டு இருக்கும். அதுதான் லேப்டாப்போடு பேசுவது. செல்களை வெட்டி எடுக்கும்போது அந்த போர்டுக்கு ஒரு நொடி வோல்டேஜ் நின்றாலும் சிலது பூட்டிக்கொள்ளும், அப்புறம் புதுச் செல் போட்டாலும் சார்ஜ் ஏறாது. அதனால் முதலில் வெளியிலிருந்து ஒயர் கொடுத்து அதை உயிரோடு வைத்துக்கொண்டு, பிறகு செத்த ஜோடியை எடுத்து, புது ஜோடியை நிக்கல் பட்டையால் ஸ்பாட் வெல்டிங் செய்வோம். சால்டரிங் அயர்ன் வைத்தால் சூட்டில் செல் கெட்டுப்போகும். கூட்டை ஒட்டி ரப்பர் பேண்ட் போட்டு ஒரு ராத்திரி வைத்தால் முடிந்தது. புது பேட்டரியின் மூன்றில் ஒரு பங்கு காசு ஆகும். எடுத்த செல்களில் தேறினவை தலையில் மாட்டும் லைட்டுக்குப் போகும். ராத்திரி வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் கேட்டு வாங்கிப்போவார்கள்.

18 மில்லிமீட்டருக்குள் இந்த உருளை நுழையாததால் என்ன வந்தது? தட்டையான பை. அலுமினியத் தாளில் சுற்றிய லித்தியம் பாலிமர். எந்த அளவிலும் செய்து, இருக்கிற சந்துபொந்திலெல்லாம் பரப்பலாம் என்பது அதன் சிறப்பு, அதை மறுக்க முடியாது. உருளைச் செல்லுக்கு எஃகுச் சட்டை. உள்ளே வாயு உண்டானாலும் வடிவம் மாறாது. பைக்குச் சட்டை கிடையாது, உண்டாகும் வாயுவுக்கு அது வீங்கித்தான் ஆக வேண்டும். சூட்டிலேயே கிடந்து, நாள் முழுக்க சார்ஜரும் சொருகியே இருந்தால் வாயு உண்டாகும். தஞ்சாவூர் மே மாதத்தில் தகரக் கொட்டகையின் கீழ் சார்ஜரில் கிடக்கும் லேப்டாப்புக்கு இந்த இரண்டும் நிச்சயம்.

முதலில் டச்பேட் க்ளிக் ஆகாது. பிறகு டச்பேட் மேலே எழும்பும். அடுத்து மூடி சரியாக மூடாது. அந்தக் கட்டத்தில்தான் கொண்டுவருவார்கள், “கீழ விழுந்துடுச்சு போலண்ணே” என்று. அதை எடுக்க ஸ்க்ரூ டிரைவர் ஆகாது. ஸ்பிரிட் விட்டுப் பசையை ஊறவைத்து, நைலான் நூலை உள்ளே செலுத்தி இப்படியும் அப்படியும் அறுத்து எடுக்க வேண்டும். குத்தினால் தீ. மேஜைக்கடியில் ஒரு வாளி ஆற்றுமணல் வைத்திருக்கிறேன். இன்றைக்கு மணல் விற்கிற விலைக்கு, கடையில் இருப்பதில் அதுதான் காஸ்ட்லியான கருவி என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

பேட்டரி ஒரு பக்கம். இந்த ஊருக்கே உரிய இன்னொரு எதிரி நெல். செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுப்பு, ஜனவரி, பிப்ரவரியில் சம்பா. அறுவடை மெஷின் ஓடும் வயலோரத்தில், தார்ரோட்டில் காயவைத்துத் தூற்றும் இடத்தில், கொள்முதல் நிலையத்தில், ரைஸ் மில்லில் எல்லாம் காற்றில் சுணை. உடம்பில் பட்டால் அரிக்கிற அந்தத் தூசி ஃபேன் வழியாக உள்ளே போய் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். திறந்து பார்த்தால் கம்பளித் துண்டு போல் ஒரே பாளமாக உரிந்து வரும். பழைய தடி லேப்டாப்பில் தகடுகளுக்கு நடுவே இடைவெளி அகலம், ஃபேனும் உயரம். ஒரு போகம் தாங்கும். மெலிந்த பெட்டியில் ஃபேன் உயரம் குறைவு. அதே காற்றைத் தள்ள அது வேகமாகச் சுற்ற வேண்டும். தகடுகளும் நெருக்கமாக இருக்கும். ஒரு வாரக் கொள்முதல் போதும், அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘வைரஸ் வந்துடுச்சு’ என்று கொண்டுவரும் பாதிக்கு மேல் வைரஸ் இல்லை, நெல்லுதான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னைகள் போனதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. தஞ்சை டவுனுக்குக் கரண்ட் சீக்கிரம் திரும்பிவிட்டது. தெற்கே கிராமங்களில் வாரக்கணக்காயிற்று. செல்போனுக்கு சார்ஜ் போட லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். லேப்டாப்பை முழுக்க ஏற்றி எடுத்துப்போனால் வீட்டிலிருக்கும் மூன்று நாலு போனுக்கு யுஎஸ்பி வழியாகச் சோறு போடலாம். தூர ஊர்க்காரர்கள் பேட்டரியை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் வந்தார்கள். அதற்குள் ஏழு வருஷப் பழசாகிவிட்ட மூடிப்படப் பெட்டிகள்கூட அப்போது பரணிலிருந்து இறங்கின. ஓடு பறந்து மழையில் நனைந்தவையும் வந்தன. ஸ்க்ரூவைக் கழற்றிப் பாகம் பாகமாகப் பிரித்துக் காயவைக்க முடிந்தவற்றில் நிறைய பிழைத்தன.

இதுவரை சொன்னதை வைத்து மெலிந்ததெல்லாம் மோசம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2020 மார்ச் ஊரடங்கில் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த பிள்ளைகள் கம்பெனி லேப்டாப்போடு ஊருக்குத் திரும்பினார்கள். திண்ணையில், மாட்டுக்கொட்டகைப் பக்கத்தில், சிக்னல் கிடைக்கும் மொட்டைமாடியில் என்று உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். வீங்கிய பேட்டரிகள் அந்தக் கோடையில்தான் வரிசையாக வந்தன. கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் தொட முடியாமல் திருப்பி அனுப்பியவை பல. ஆனால் அந்தப் பெட்டிகளில் ஹார்ட் டிஸ்க் இல்லை, எஸ்எஸ்டி. டூவீலரில் குலுங்கிச் செத்த ஹார்ட் டிஸ்க் என்பது எங்களுக்கு வாராவாரம் வரும் கேஸ். அதுவே நின்றுபோயிற்று. கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் மட்டும் இன்னும் புலம்புவார்கள்: ஹார்ட் டிஸ்க் போனால் போட்டோவை மீட்க ஒரு வழி இருந்தது, போர்டோடு சால்டர் செய்த எஸ்எஸ்டி போனால் போனதுதான்.

ஃபேன் விஷயத்தில் எனக்கே ஆச்சரியம். இன்னும் மெலிய வேண்டும் என்று போய்ப் போய்க் கடைசியில் ஃபேனையே எடுத்துவிட்டார்கள். 2015இல் வந்த 12 அங்குல மேக்புக் 920 கிராம், ஃபேன் கிடையாது. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏரிலும் கிடையாது. சூடு குறைந்த பிராசசர் கிடைத்ததால் நடந்தது இது. ஃபேன் இல்லையென்றால் தூசியை உறிஞ்ச வாய் இல்லை. ரைஸ் மில் ஆபீஸில் இரண்டு மூன்று போகம் கிடந்த ஃபேன் இல்லாத ஒரு பெட்டியைத் திறந்தபோது உள்ளே புதுசு மாதிரி இருந்தது. டெல்டாவுக்கென்றே செய்தது போல ஒரு மெஷின், அதை நினைத்தே பார்க்காதவர்கள் கையிலிருந்து. அதே 2015 மாடலில் கீபோர்டையும் மெலியவைக்கப் போய், தூசி ஒரு துளி விழுந்தாலும் பட்டன் சிக்கிக்கொள்கிறது என்று உலகமெங்கும் புகார் வந்து, 2018இல் ஆப்பிள் இலவசமாகச் சரிசெய்து கொடுக்கும் திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எடைக்கு வருகிறேன், ஏனென்றால் உண்மையான வழக்கு அதுதான். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து காலை டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே கல்லூரிக்கு வரும் பெண்ணின் தோளில் லேப்டாப், அடாப்டர், ரெக்கார்டு நோட்டு, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில். ஐந்து கிலோ. அதில் ஒரு கிலோ குறைந்தால் அது பெரிய விஷயம். கூட்டத்தில் நசுங்காமலும் இருக்க வேண்டும். இதே கேள்வியை ஜப்பானில் வேறு மாதிரி கேட்டார்கள். பானசோனிக் நிறுவனம் 1996லிருந்து ‘லெட்ஸ் நோட்’ என்று ஒரு வரிசை விற்கிறது, பெரும்பாலும் ஜப்பானுக்குள் மட்டும். காலை நேர டோக்கியோ ரயிலில் நெரிபடுகிறவர்களுக்காகச் செய்தது. மெக்னீசியம் உடம்பு. மேலே 100 கிலோ அழுத்தம் கொடுத்து சோதிப்பார்கள். 2003இல் டிவிடி டிரைவோடு சேர்த்தே 1.3 கிலோவுக்குள் கொண்டுவந்தார்கள். பேட்டரி கழலும். பார்க்க அசல் தடி. தடிமனில் ஒரு பங்கு வெற்றிடம். வெற்றிடத்துக்கு என்ன எடை? கடைக் கண்ணாடிப் பெட்டியில் மெலிசாகத் தெரியும் அலுமினிய லேப்டாப் பல அதைவிடக் கனம். நம் ஊர் பஸ்ஸுக்கு வேண்டியது அதுதான். விலையைக் கேட்டால் வேண்டாம் என்றுவிடுவோம், அது வேறு.

2024 செப்டம்பரில் மேலவஸ்தாசாவடியில் நியோ டைடல் பார்க் திறந்தார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் கொண்டுவரும் மெலிந்த லேப்டாப்புகளில் பேட்டரி அவ்வளவாக வீங்குவதில்லை. ஏசி, ஜெனரேட்டர், தூசியில்லாத கண்ணாடி. எந்த அறைக்காக அது வரையப்பட்டதோ அந்த அறை கடைசியில் தஞ்சாவூருக்கே வந்துவிட்டது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வருஷத்தில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2,000 கோடி ஒதுக்கினார்கள். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டமே வருகிறது. நம் டெண்டரிலும் அப்படி ஒரு வரி சேர்ந்தால் ஒரத்தநாட்டுக்குப் புண்ணியம்.

கடைக்கு வரும் அம்மாக்கள் டெண்டர் வரும்வரை காத்திருப்பதில்லை. போன வாரம் ஒரு அக்கா, மகளுக்குச் சொந்தக் காசில் வாங்கப்போகிறவர், எதை வாங்குவது என்று கேட்டார்.

“தோள் வலிக்குதுங்கறா தம்பி. மெலிசா இருக்கறத வாங்கச் சொல்றா.”

“கடையில பக்கவாட்டுல வெச்சுப் பாக்காதீங்கக்கா, கையில தூக்கிப் பாருங்க. கவுத்துப் போட்டு ஸ்க்ரூ தெரியுதான்னு பாருங்க. ரேமுக்குத் தனி ஸ்லாட் இருக்கான்னு கேளுங்க. சார்ஜ் ஏறினதும் ஒயரப் புடுங்கிடச் சொல்லுங்க.”

“அடாப்டரு?”

“அதையும் சேத்துத்தான் தூக்கணும்.”